வீட்டுக் கணனியை நாமே பராமரிப்போம்

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபின் கணனி எமது கிராமங்களுக்குள்ளும் வேகமாக வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணனி, நகரத்தில் பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய மேசைக் கணனி, ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் பிள்ளைக்குக் கிடைத்தது என்று பல வழிகளில் அவை வந்தன. புதிதாகப் பெட்டி உடைத்து எடுத்தவை குறைவு. பாவித்த பொருளோடு அதன் பழுதும் கூடவே வரும். ஆகவே பல வீடுகளில் அவை இப்போது அலுமாரிக்கு மேல் துணி போர்த்தியபடி இருக்கின்றன. கேட்டால், "லைற் வருகுதில்லை", "இடையிலே நிண்டு போகுது", "திரை கறுப்பாய்க் கிடக்குது" என்கிறார்கள்.

அப்படி மூலையில் கிடப்பவற்றுள் பல உண்மையில் செத்துப்போனவை அல்ல. சார்ஜர் வயர் உள்ளே அறுந்திருக்கும், நினைவக அட்டை தளர்ந்திருக்கும், காற்றாடியில் தூசி அடைத்திருக்கும், அல்லது நாணயம் போன்ற ஒரு சிறு பற்றரி தீர்ந்திருக்கும். இவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நகரத்துக்குப் போனால் பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு, கடையில் கேட்கும் தொகை என்று மூன்று செலவுகள் வரும். என்ன பழுது என்று தெரியாமல் போகிறவரிடம் அந்த மூன்றாவது தொகை கூடுதலாகவே கேட்கப்படும்.

இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பெறுபேறுகள் ஆகியவற்றின் மூலப்பிரதிகள் வழியிலேயே போய்விட்டன. பின்னர் கந்தோர் கந்தோராக அலைந்து எடுத்த பிரதிகளைப் படம்பிடித்து, இந்தக் கணனிக்குள்தான் வைத்திருக்கிறார்கள். திருத்தக் கொடுத்த இடத்தில் "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தந்திருக்கிறோம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். பெட்டி போனால் இன்னொரு பெட்டி வாங்கலாம். அதற்குள் இருந்தது போனால் மீண்டும் அதே கந்தோர் வாசல்களில் நிற்க வேண்டும். ஆகவே இக்கட்டுரையில் பெட்டியைத் திருத்துவதையும், அதற்குள் இருப்பதைக் காப்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நீரிறைக்கும் இயந்திரமும் கணனியும்

மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்ராட் வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உடனே இயந்திரத்தைக் கழற்றிப் போட மாட்டீர்கள். முதலில் தாங்கியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். பிறகு குழாய் அடைத்திருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பீர்கள். கடைசியிலேதான் உள்ளே கைவைப்பீர்கள். கணனிக்கும் அதே ஒழுங்குதான். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பழுதாக இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

பெரியவர்கள் சிலர் "இது படித்த பிள்ளைகளின் சாமான், எங்களுக்கு விளங்காது" என்கிறார்கள். 1990களில் பற்றரி வடபகுதிக்கு வரத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். அந்தக் கைகளுக்கு இது புதிய வேலை அல்ல.

வேண்டிய ஆயுதங்களும் சொற்பம். சிறிய நட்சத்திர முனை ஸ்குறூ டிறைவர் ஒன்று, பாவிக்காத பெயின்ற் தூரிகை, பிள்ளையின் மெதுவான அழிறப்பர், சைக்கிள் பம்பு, ரோச் லைற், சில ஈர்க்குகள் போதும். கழற்றும் ஆணிகளைப் போட ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். மடிக்கணனியின் ஆணிகள் ஒரே நீளமானவை அல்ல. குட்டை ஆணி இருந்த துளையில் நீள ஆணியை முறுக்கினால் அது மறுபக்கத்தில் கீபோட்டையோ தாய்ப்பலகையையோ துளைத்துவிடும். எனவே எந்த ஆணி எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த அமைப்பிலேயே துணியில் வையுங்கள். கழற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முதலில் மின்சாரம்

சுவிச்சைப் போட்டும் ஒரு சிறு விளக்கும் எரியவில்லை என்றால், அதே சொக்கற்றில் கைத்தொலைபேசி சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் சொக்கற் நல்லது. அடுத்தது மடிக்கணனியின் சார்ஜர். இதன் வயர் அநேகமாக இரண்டு இடங்களில் அறும்: கணனிக்குள் செருகும் முனைக்கு அருகில் ஒன்று, கறுப்புப் பெட்டியிலிருந்து வயர் வெளிவரும் இடத்தில் மற்றொன்று. செருகி வைத்துக்கொண்டு அந்த இரண்டு இடங்களிலும் வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கணனியின் சார்ஜ் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பழுது அங்கேதான். வயரில் தோல் உரிந்திருந்தால் வளைத்துப் பார்க்காமல் உடனே கழற்றிவிடுங்கள்.

வேறு சார்ஜர் வாங்கும்போதோ அயல்வீட்டில் இரவல் வாங்கும்போதோ அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளை வாசிக்க வேண்டும். அதில் உட்புகும் மின்சாரம் 100 முதல் 240 வோல்ற் வரை என்று இருக்கும். எமது 230 வோல்ற்றுக்கு அது பொருந்தும். வெளிவரும் மின்சாரம் என்பதுதான் முக்கியம். 19 வோல்ற், 3.42 அம்பியர் என்று ஒன்றில் இருக்கும். இவை இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 65 வாற்று. இன்னொன்றில் 20 வோல்ற், 3.25 அம்பியர் என்று இருக்கும். அதுவும் 65 வாற்றுத்தான். விதி இதுதான்: வோல்ற் பழைய சார்ஜரில் உள்ளதாகவே இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. கூடிய அம்பியர் கணனியை எரித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. கணனி தனக்கு வேண்டிய அளவைத்தான் இழுக்கும், பெரிய தாங்கியில் இருந்து சிறிய வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதைப்போல. ஆனால் வோல்ற் கூடினால் உள்ளே எரியும். முனையின் உட்புறம், வெளிப்புறம் எது நேர், எது மறை என்று காட்டும் சிறு வட்டப்படமும் அந்தத் தாளில் உண்டு. அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

டெல் போன்ற சில மடிக்கணனிகளின் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது மின்சாரம் கொண்டுவருவதற்கு அல்ல, "நான் இன்ன சார்ஜர்" என்று கணனிக்குச் சொல்வதற்கு. அந்த ஊசி வளைந்தாலோ முறிந்தாலோ கணனி இயங்கும், பற்றரி மட்டும் சார்ஜ் ஆகாது. இதைப் பற்றரிப் பழுது என்று நினைத்துப் புதுப் பற்றரி வாங்கியவர்கள் உண்டு. புதிய வகைகளில் கைத்தொலைபேசிக்குப் பாவிக்கும் தட்டையான யூஎஸ்பி-சி முனையே வருகிறது. முனை பொருந்துகிறது என்பதற்காகச் சிறிய தொலைபேசி சார்ஜரைப் போட்டால் அது போதாது. 45 அல்லது 65 வாற்று என்று எழுதியிருப்பது வேண்டும்.

சார்ஜர் நல்லது, ஆனாலும் கணனி அசையவில்லை என்றால், செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். பின்பு சுவிச்சை 30 விநாடி அழுத்திப் பிடித்திருங்கள். உள்ளே தேங்கிநிற்கும் மின்னேற்றம் இதனால் வடிந்துவிடும். பிறகு பற்றரி இல்லாமல் சார்ஜரை மட்டும் போட்டு இயக்கிப் பாருங்கள். செத்தது என்று கைவிட்டவற்றில் சில இதனாலேயே எழும்பிவிடுகின்றன.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மேசைக் கணனி என்றால், பின்புறத்தில் மின்வயர் செருகும் இடத்துக்கு அருகே சிவப்பு நிறச் சிறு சுவிச்சு ஒன்று இருக்கலாம். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230 என்று காட்டும். அது 230இல் இருக்க வேண்டும். 115இல் இருக்கும்போது எமது மின்சாரத்தைக் கொடுத்தால் ஒரு வெடிச்சத்தத்துடன் மின்வழங்கிப் பெட்டி முடிந்துவிடும். புதிதாக வந்த எந்தப் பழைய மேசைக் கணனியையும் செருகுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

திரை கறுப்பாக இருந்தால்

சுவிச்சைப் போட்டதும் காற்றாடி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றுமில்லை. இது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. முதலில் கணனி உயிரோடு இருக்கிறதா என்று அறிய வேண்டும். கீபோட்டில் பெரிய எழுத்துக்கான பொத்தானை, அதாவது கப்ஸ் லொக்கை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணனி உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பழுது திரைப் பக்கம்.

அப்போது அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரைக்கு மிக அருகில் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்தோ படமோ மங்கலாகத் தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருந்து ஒளி தரும் பகுதி மட்டும் போயிருக்கிறது. வீட்டில் தட்டைத் தொலைக்காட்சி இருந்தால் எச்.டி.எம்.ஐ. வயரால் அதனுடன் இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால், திருத்தப் பணம் சேரும்வரை தொலைக்காட்சியையே திரையாக வைத்துப் பிள்ளை படிக்கலாம். உள்ளிருக்கும் பத்திரங்களையும் அந்த வழியாகவே வெளியே எடுத்துவிடலாம்.

விளக்கும் மாறவில்லை, தொலைக்காட்சியிலும் படம் இல்லை, அல்லது பீப் பீப் என்று விட்டுவிட்டுச் சத்தம் வருகிறது என்றால், நினைவக அட்டையைச் சந்தேகியுங்கள். இதை றாம் என்பார்கள். மேசைக் கணனியில் இது சாணளவை விடக் குறைந்த ஒரு நீளத் தகடு. மடிக்கணனியில் அதன் பாதியளவு. மாரி காலத்து ஈரமும் கோடைத் தூசியும் சேர்ந்து அதன் பொன்னிற முனைகளில் மெல்லிய படலம் பிடிக்கும். அதனால் தொடுகை விட்டுப்போகும்.

மின்வயரைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. மடிக்கணனியானால் பற்றரியின் தொடுப்பையும் கழற்ற வேண்டும். கணனியின் பெயின்ற் பூசாத உலோகப் பகுதி ஒன்றைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். எமது உடம்பில் உள்ள நிலைமின்னேற்றம் அதனால் இறங்கிவிடும். கோடையில் பொலியெஸ்ரர் உடுப்புடன் வேலை செய்யும்போது இதை மறக்கவே கூடாது, கைக்குத் தெரியாத சிறு பொறியே நினைவகத்தைக் கெடுக்கப் போதும். இருபக்கக் கொளுக்கிகளையும் வெளிப்பக்கம் தள்ளினால் தகடு எழும்பி வரும். விளிம்பில் பிடியுங்கள். பொன்னிற முனைகளை அழிறப்பரால் இருபக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். மண்கடதாசியால் தேய்க்கக்கூடாது, பொன்முலாம் உரிந்துவிடும். தகட்டில் ஒரு வெட்டு இருக்கும். அது செருகும் இடத்திலுள்ள மேட்டுடன் பொருந்தும்படி வைத்து, கொளுக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு தகடுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு இயக்கிப் பாருங்கள். எது பழுது என்பது தானாகவே தெரிந்துவிடும். ஒரு தகட்டுடன் கணனி மெதுவாக இயங்கும், ஆனால் இயங்கும்.

சூடும் தூசியும்

பத்து, இருபது நிமிடம் நன்றாக வேலை செய்துவிட்டுத் திடீரென்று நிற்கிறது, ஆறவிட்டுப் போட்டால் மீண்டும் வேலை செய்கிறது என்றால் அது அநேகமாகச் சூட்டினால்தான். கணனியின் மூளையாகிய செயலி 100 பாகை செல்சியசை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கு மேலும் சூடு ஏறினால் நின்றுவிடும். தகரக் கூரையின் கீழ் மதியவேளையில் இருக்கும் வெக்கை உங்களுக்குத் தெரியும். அதோடு எமது பகுதிகளின் செம்மண் தூசியும் சேர்ந்தால் காற்றாடிக்குப் பின்னால் உள்ள செப்புத் தகடுகளுக்கிடையில் கம்பளிபோல் ஒரு படை அடைத்துவிடும்.

மடிக்கணனியின் அடிமூடியைக் கழற்றினால் காற்றாடி தெரியும். கழற்றியதும் பற்றரியின் தொடுப்பை விலக்கிவிடுங்கள். காற்றாடியின் இதழ்களுக்கிடையில் ஓர் ஈர்க்கைச் செருகி அது சுழலாதபடி நிறுத்துங்கள். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள், செப்புத் தகடுகளின் வெளிப்பக்கமிருந்து உட்பக்கமாக. ஈர்க்குச் செருகுவதைச் சிலர் வீண்வேலை என்பார்கள். காற்று அடிபட்டு இதழ்கள் கட்டுக்கடங்காமல் சுழன்றால் அச்சுத் தேயும், அதற்காகத்தான். பம்புக்குள் ஈரம் இருக்கலாம், ஆகவே முதல் சில அடிகளை வெளியே விடுங்கள். எஞ்சிய தூசியைக் காய்ந்த தூரிகையால் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளிகள் போய் ஒட்டும். இதை ஆண்டுக்கு இருமுறை, சிறுபோகத் தூசி அடங்கிய பின்னும் மாரி முடிந்த பின்னும் செய்தால் போதுமானது.

செயலிக்கும் செப்புப் பகுதிக்கும் இடையில் ஒரு வெப்பப் பசை பூசப்பட்டிருக்கும். செப்புப் பகுதியை நீங்கள் கழற்றாவிட்டால் அதைத் தொடத் தேவையில்லை. கழற்றினால் பழையதைத் துணியால் துடைத்து, புதிய பசையைப் பயறளவு வைக்க வேண்டும். பற்பசை பூசலாம் என்று ஒரு கதை உலவுகிறது. அது சில நாளில் காய்ந்து கட்டியாகி, முன்னிருந்ததைவிட மோசமாக்கிவிடும்.

பாவிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பிள்ளைகள் மெத்தையிலும் தலையணையிலும் மடிக்கணனியை வைத்துப் படிக்கிறார்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அதனால் அடைபடுகின்றன. ஒரு பலகையில் இரண்டு மெல்லிய சட்டங்களை ஆணியடித்து அதன்மேல் வைத்தால் கீழே காற்று ஓடும்.

மேசைக் கணனிக்குள் எறும்பும் கரப்பானும் குடியேறுவது உண்டு. இளஞ்சூடு அவற்றுக்குப் பிடிக்கும். அதற்குப் பூச்சிமருந்து விசிறக்கூடாது. அந்தத் திரவம் தாய்ப்பலகையில் படிந்து மின்னோட்டத்தைத் தடம்மாற்றும். மின்வயரைக் கழற்றித் தூரிகையால் தட்டி எடுத்து, பின்புறத்தில் திறந்திருக்கும் துளைகளைத் தகடு போட்டு மூடுங்கள்.

திகதி பின்னால் போனால்

ஒவ்வொரு நாளும் கணனியைப் போடும்போது திகதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறது, இணையத்தளங்களும் திறக்க மறுக்கின்றன என்றால், தாய்ப்பலகையில் உள்ள நாணயப் பற்றரி தீர்ந்துவிட்டது. அதில் சீ.ஆர். 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ற். கைக்கடிகாரம் திருத்தும் கடையிலும் கிடைக்கும். பழையதில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே புதியதைப் போடுங்கள். இந்தச் சிறு பற்றரியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டவிடக்கூடாது. விழுங்கினால் தொண்டைக் குழாயைச் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே அரித்துவிடும்.

கைவைக்கக் கூடாத இரண்டு

இரண்டு இடங்களில் கைவைக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்கிறோம்.

மேசைக் கணனியின் மின்வழங்கிப் பெட்டி ஒன்று. வயரைக் கழற்றிய பின்னரும் அதற்குள் இருக்கும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கும் மேல் தேங்கி நிற்கும். அதைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து தூசியை ஊதலாம், பழுதானால் முழுப்பெட்டியையும் மாற்றலாம், அவ்வளவுதான்.

மற்றது ஊதிப்போன பற்றரி. மடிக்கணனியின் விரல் தடவும் பலகை மேலெழும்பி நிற்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா, மேசையில் வைத்தால் அடி ஆடுகிறதா என்று பாருங்கள். இவை உள்ளேயுள்ள லிதியம் பற்றரி ஊதியதற்கான அடையாளங்கள். உடனே சார்ஜரைக் கழற்றி, இயக்கத்தை நிறுத்திவிடுங்கள். ஊதிய பற்றரியை அழுத்தித் தட்டையாக்கவோ ஊசியால் குத்திக் காற்றெடுக்கவோ கூடாது. தீப்பற்றும், ஓலைக் கூரை, பலகைச் சுவர் உள்ள வீட்டில் அது வீட்டையே கொண்டுபோய்விடும். வெளியே கழற்றும் வகையானால் மெதுவாகக் கழற்றி, மணல் போட்ட தகர வாளியில் வைத்து, வீட்டுக்குத் தூரமாக நிழலில் வையுங்கள். உள்ளே பூட்டியதானால் முழுக் கணனியையும் அவ்வாறு தூரமாக வைத்துவிட்டு, பழக்கமுள்ளவரைக் கொண்டு கழற்றுவியுங்கள். குப்பையில் போடுவதும் எரிப்பதும் ஆபத்து. ஊதிய பற்றரியை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் பல மடிக்கணனிகள் நன்றாகவே ஓடும்.

நல்ல பற்றரிக்கும் ஆயுள் உண்டு. முந்நூறிலிருந்து ஐந்நூறு தடவை வரை முழுதாகச் சார்ஜ் ஆகி இறங்கினால் அதன் கொள்ளளவு தெரியும்படி குறைந்துவிடும். மாதக்கணக்கில் பாவிக்காமல் வைப்பதானால் பாதியளவு சார்ஜுடன் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முற்றாக இறக்கி வைத்தால் பிறகு அது ஏறாமலேயே போகலாம்.

இடி, மின்வெட்டு, வெள்ளம்

சித்திரையை ஒட்டியும் ஐப்பசி, கார்த்திகையிலும் எமது பகுதிகளில் இடிமின்னல் அதிகம். வானம் கறுத்ததும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். தொலைபேசி வயரோ இணைய வயரோ கணனியில் பூட்டியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். மின்வயரைக் கழற்றியும் இணைய வயர் வழியாக மின்னல் ஏறிய கணனிகள் உண்டு.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்வெட்டு கணனிக்குத் தரும் சேதத்தைவிட, மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் எழும் அழுத்தம் தரும் சேதமே அதிகம். விளக்கு அணைந்ததும் பிளக்கைக் கழற்றி, மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். வோல்ற் குறைந்து குமிழ் மங்கும் நேரங்களில் மடிக்கணனிக்கு அவ்வளவு பாதிப்பில்லை. அதன் சார்ஜர் 100 வோல்ற் வரை தாங்கும் என்று முன்னரே சொன்னோம்.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியபோது உடுதுணியுடன் வெளியேறியவர்கள் எம்மில் பலர். கணனி நனைந்துவிட்டால் முதல் விதி, இயக்கிப் பார்க்காதீர்கள். தண்ணீர் மட்டும் கணனியைக் கெடுப்பது குறைவு. தண்ணீருடன் மின்சாரம் சேரும்போதுதான் கெடுகிறது. பற்றரியைக் கழற்ற முடிந்தால் உடனே கழற்றுங்கள். மடிக்கணனியைத் திறந்து, கூடாரம்போல் கவிழ்த்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். சுடுவெயிலில் வைத்தால் பிளாஸ்ரிக் வளையும், திரை கெடும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அரிசி உள்ளேயுள்ள ஈரத்தை இழுப்பது சொற்பம். தவிட்டுத் தூள் துளைகளுக்குள் போய் ஒட்டுவதுதான் மிச்சம். கணனி காயாவிட்டாலும் அதற்குள் இருக்கும் வன்தட்டைத் தனியே கழற்றிக் காப்பாற்ற இடமுண்டு. ஆகவே நனைந்த கணனியைக் குப்பையில் எறியாதீர்கள்.

வன்தட்டு

உங்கள் பத்திரங்கள், படங்கள் எல்லாம் இருப்பது இதில்தான். பழைய வகை வன்தட்டுக்குள் கண்ணாடி போன்ற தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கிறது. வாசிக்கும் முனை அந்தத் தட்டுக்கு மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் பறக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும்போது கணனியைத் தூக்கி நடந்தாலோ 'டொக்' என்று மேசையில் வைத்தாலோ அந்த முனை தட்டில் உரசக்கூடும். முழுதாக நிறுத்திய பின்னரே இடம் மாற்றுங்கள்.

கணனி வரவர மெதுவாகிறது, ஒரு படத்தைத் திறக்க நீண்ட நேரம் எடுக்கிறது என்றால் அது முதல் எச்சரிக்கை. அன்றைக்கே முக்கியமானவற்றை வேறிடத்துக்குப் பிரதி செய்யுங்கள். 'கிளிக், கிளிக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு தடவை இயக்கிப் பார்ப்பதும் இருப்பதையும் சுரண்டி எடுப்பதாகும். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தத் தட்டின் மூடியைத் திறக்கவே கூடாது; ஒரு தூசி போதும்.

தாய்ப்பலகை எரிந்துபோன கணனியிலும் வன்தட்டு அநேகமாக நல்லதாகவே இருக்கும். அதைக் கழற்றி, சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் சிறு வயர் ஒன்றால் வேறொரு கணனியில் இணைத்தால் பென் டிறைவ்போல் திறக்கும். அந்த வயர் ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். சங்கங்கள் சேர்ந்து வாங்கி வைக்கலாம் என்பது எமது யோசனை. புதிய வின்டோஸ் கணனிகள் சிலவற்றில் பிற்லொக்கர் என்னும் பூட்டு இருக்கும். அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் தட்டு நல்லதாக இருந்தும் திறக்க முடியாது.

பிரதிகளை எப்போதும் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று பென் டிறைவில், மற்றது வேறு வீட்டில் இருக்கும் உறவினரின் கைத்தொலைபேசியிலோ கணனியிலோ. ஒரே வீட்டில் இரண்டு பிரதிகள் இருந்தால் வெள்ளத்திலும் தீயிலும் இரண்டும் ஒன்றாகவே போகும். பென் டிறைவும் நிரந்தரம் அல்ல, ஆண்டுக்கொரு தடவை திறந்து பார்த்து, புதிதாகவும் ஒரு பிரதி எடுக்க வேண்டும்.

பழைய சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத வகையைப் போட்டால், பத்தாண்டு பழைய மடிக்கணனியும் எழும்பி ஓடும். பழைய கணனிக்குச் செலவழிக்கக் கொஞ்சப் பணம் இருந்தால் அதை இதில் போடுவதே புத்தி. வின்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பல பழைய கணனிகள் வின்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. "இனி இது உதவாது" என்று யாராவது சொன்னால், லினக்ஸ் என்னும் இலவச முறைமையைப் போட முடியுமா என்று கேளுங்கள். பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் அது தாராளமாகப் போதும்.

கடைக்குக் கொடுக்கும்போது

சில பழுதுகளுக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும். போகுமுன் கணனியின் அடியிலுள்ள தொடரிலக்கத்தையும், நினைவகம், வன்தட்டு ஆகியவற்றின் அளவையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல நினைவகத்தை எடுத்துவிட்டுச் சிறியதைப் போட்டுத் தருகிற இடங்களும் இருக்கின்றன. பழுது வன்தட்டில் இல்லை என்று தெரிந்தால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கொடுங்கள். பத்திரங்களும் பிள்ளைகளின் படங்களும் அந்நியர் கையில் இருக்க வேண்டியதில்லை. என்ன அடையாளங்களைக் கண்டீர்கள், எவற்றைச் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள். "கப்ஸ் லொக் விளக்கு எரிகிறது, தொலைக்காட்சியில் படம் வருகிறது, திரை மட்டும் கறுப்பு" என்று ஒருவர் சொன்னால், கடைக்காரர் தாய்ப்பலகையின் விலையை அவரிடம் சொல்ல மாட்டார். தொகையை முதலிலேயே கேட்டுத் துண்டில் எழுதுவியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி கேளுங்கள்.

இனித் திருத்த முடியாது என்று ஆனபின் நினைவகம், வன்தட்டு, சார்ஜர், காற்றாடி ஆகியவற்றைக் கழற்றிப் பெயர் எழுதி ஒரு ரின்னில் வையுங்கள். அதே வகைக் கணனி அயலில் யாரிடமாவது இருக்கும். மிஞ்சிய கூட்டிலும் வயர்களிலும் செம்பு எடுக்கலாம் என்று முற்றத்தில் போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகையில் ஈயமும் நச்சுவாயுக்களும் உண்டு. சாம்பல் மழையுடன் கிணற்றடிக்கே வரும்.